ஹாட் ஸ்டூவர்ட்: ஆட்டத்தால் வந்த பெயரா, அகால மரணத்தால் வந்த பெயரா?

கார்முகில்

வணக்கம். ஐஸ் ஹாக்கியின் தொடக்க காலத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அதில் ஒருவரை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1879 பிப்ரவரி 20 அன்று ஒட்டாவாவில் பிறந்த வில்லியம் ஹாட்சன் ஸ்டூவர்ட், சுருக்கமாக ஹாட் ஸ்டூவர்ட், 1907 ஜூன் 23 அன்று 28ஆம் வயதில் இறந்தார். மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணிக்கு அவர் ஆடியது ஒரே ஒரு பருவம். கனடிய ஹாக்கியின் தலையாய பரிசான ஸ்டான்லி கோப்பை அவர் கைக்கு எட்டியதும் அந்த ஒரு குளிர்காலத்தில்தான். அப்படியிருந்தும் 1945இல் ஹாக்கி புகழ்மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருள் அவரும் ஒருவர்.

அக்காலத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்று அவரைப் பலர் எழுதுகிறார்கள். இளமையில் இறந்தவர்களை நாம் இயல்பாகவே உயர்த்திப் பேசுவோம் என்பதால் எனக்கு ஐயம் எழுகிறது. ஆட்டத்தை வைத்து மட்டும் பார்த்தால் அவர் அந்த இடத்துக்கு உரியவரா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பழந்தாள்

நல்ல கேள்வி. ஆனால் கோப்பைகளை எண்ணி விடை தேடினால் கிடைக்காது. ஸ்டூவர்ட்டின் வாழ்க்கையை அவர் யாரிடம் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்ற வழியில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர் 1890களின் இறுதியில் ஒட்டாவா அணியில் ஆடத் தொடங்கி, 1900க்குப் பிறகு இரண்டு பருவங்கள் கியூபெக் அணிக்கு ஆடினார். அதுவரை அவர் அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுபவர். கனடாவில் அன்று ஆட்டத்துக்குப் பணம் வாங்குவது ஏறக்குறைய ஒழுக்கக்கேடாகவே கருதப்பட்டது. ஒன்ராறியோ ஹாக்கி சங்கத்தின் தலைவராக 1899 முதல் 1905 வரை இருந்தவர் டொராண்டோ டெலிகிராம் நாளிதழின் உரிமையாளரான ஜான் ராஸ் ராபர்ட்சன்; பணம் வாங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே போதும், ஆட்டக்காரர்தான் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற அளவுக்கு அவருடைய கண்டிப்பு இருந்தது. 1898இல் பெர்லின் என்னும் சிற்றூரின் அணி (இன்றைய கிச்சனர்) ஒரு வெற்றிக்குப் பின் நினைவுப் பரிசாக ஆளுக்கொரு பத்து டாலர் தங்க நாணயம் பெற்றுக்கொண்டதற்காகச் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டது.

அந்தப் பெர்லின் அணியில் ஆடிய ஜான் கிப்சன் பின்னர் பல் மருத்துவராகி, மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹவ்டன் என்னும் ஊரில் குடியேறினார். சுரங்கத்தால் கையில் காசு புழங்கிய ஊர். குளிர்காலமோ நீண்டது, வேறு கேளிக்கை இல்லை. அங்கே அவர் போர்ட்டேஜ் லேக்ஸ் என்ற அணியை வளர்த்து, கனடிய ஆட்டக்காரர்களை வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தார். 1904இல் சர்வதேசத் தொழில்முறை ஹாக்கி லீக் உருவானதற்கு அவரே முதற்காரணம். ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் ஹாக்கி லீக் இதுதான். கேலுமெட், போர்ட்டேஜ் லேக்ஸ், பிட்ஸ்பர்க், கனடா–அமெரிக்க எல்லை ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த இரண்டு சூ செயின்ட் மேரி ஊர்கள் என மொத்தம் ஐந்து அணிகள்.

ஸ்டூவர்ட் இந்த வழியில் மிக முன்னதாகவே நடந்தவர். 1902இல் வாரத்துக்கு 15 முதல் 20 டாலர் சம்பளத்தில் பிட்ஸ்பர்க் பேங்கர்ஸ் அணிக்குப் போனார். மறு ஆண்டு ஹவ்டன். அங்கே அவருடைய தம்பி புரூஸ் ஸ்டூவர்ட்டும் உடன் ஆடினார். 1904 மார்ச்சில் அந்த அணி மாண்ட்ரியல் வாண்டரர்ஸை 8–4, 9–2 என்று இருமுறை வென்றது. தூய அமெச்சூர்கள்தான் உயர்ந்தவர்கள் என்று நம்பிய கனடாவுக்கு அது கசப்பான செய்தியாக இருந்திருக்கும். அடுத்த பருவத்தில் கேலுமெட் அணி அவரைத் தலைவராகவும் மேலாளராகவும் 1,800 டாலருக்கு அமர்த்திக்கொண்டது. புதிய லீகின் முதல் பட்டமும் கேலுமெட்டுக்கே கிடைத்தது.

அணிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை விலைக்கு வாங்கியிருக்கின்றன. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே கொடுக்கப்பட்ட விலை அது. மரணத்தின் இரக்கம் அதில் கலக்கவில்லை.

சதுரங்கன்

பழந்தாள் சொன்னதோடு, அவர் ஆடிய இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். இன்றைய ஹாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு 1905ஆம் ஆண்டின் தடுப்பாட்டக்காரரை மதிப்பிட முடியாது.

அன்று ஓர் அணிக்கு ஏழு பேர். கோல் காப்பாளர், அவருக்கு முன்னால் ‘பாயின்ட்’, அவருக்கும் முன்னால் ‘கவர்-பாயின்ட்’, பிறகு எங்கும் திரியும் உரிமை பெற்ற ‘ரோவர்’, நடுவில் ஒருவர், இரு ஓரங்களில் இருவர். நம் ஊரில் பாயின்ட், கவர் என்றால் கிரிக்கெட் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொற்களை ஹாக்கியோடு வளர்ந்த லாக்ரோஸ் என்னும் வலைமட்டை ஆட்டத்திலும் காணலாம். தடுப்பாட்டக்காரர் இருவரும் இன்று போல் பக்கத்தில் பக்கமாக நிற்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பக்கை (மட்டையால் அடித்து ஆடும் தட்டையான ரப்பர் வட்டு) முன்னோக்கி அனுப்பி ஆட விதி இடம் தரவில்லை. ஆகவே பக் கைக்கு வந்தவுடன் அதைக் காற்றில் தூக்கி எதிர்முனைக்கு அடித்து விட்டுவிடுவதுதான் பாயின்ட் ஆட்டக்காரரின் வழக்கமான வேலை. ஒட்டாவாவின் ஹார்வி புல்ஃபோர்ட் அந்தப் பாணியின் உச்சம்: உடலால் மறிப்பார், பக்கைத் தூக்கி அடிப்பார், தம் இடத்தை விட்டு அசைய மாட்டார்.

கவர்-பாயின்ட்டின் நிலை வேறு. அவர் பறித்த பக்கோடு தாமே சறுக்கிக்கொண்டு முன்னேறலாம். முன்னோக்கிய பாஸ் இல்லாத ஆட்டத்தில், எதிரணியின் ஆட்கள் எல்லாரும் உங்கள் பாதிக்குள் வந்து நிற்கும் வேளையில் ஒருவர் பக்கோடு புறப்பட்டால் அவருக்கு முன்னால் திறந்த பனித்தளம் கிடைக்கும். ஆனால் பக் பறிபோனால் அவர் விட்டுவந்த இடமும் திறந்தே கிடக்கும். ஸ்டூவர்ட் ஏறத்தாழ ஆறடி உயரம், கனத்த உடல், நீண்ட கை. அந்த உடலோடு வேகமாகச் சறுக்கி முன்னேறவும், பக் போனால் எதிராளிக்கு முன்பாகத் திரும்பி வந்து நிற்கவும் அவரால் முடிந்தது என்பதே அவரைப் பற்றிய பேச்சின் மையம். 1903–04இல் ஹவ்டனில் 14 ஆட்டங்களில் 13 கோல் அடித்திருக்கிறார். தடுப்பாட்டக்காரர் என்ற சொல்லை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆட்டம் முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதி. இன்று போல் நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் வழக்கம் இல்லை. தொடங்கிய எழுவரே முடியும் வரை ஆடினார்கள். அறுபது நிமிடமும் பனித்தளத்தில் நின்றுகொண்டு, எப்போது முன்னேறுவது, எப்போது மூச்சு வாங்குவது என்று கணக்கிட்டு ஆட வேண்டியிருந்தது.

இளவேனில்

சதுரங்கனின் விளக்கம் தெளிவாக உள்ளது. ஆயினும் பக்கோடு முன்னேறும் தடுப்பாட்டத்தை ஸ்டூவர்ட் கண்டுபிடித்தார் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். மாண்ட்ரியல் விக்டோரியாஸ் அணியின் மைக் கிராண்ட் 1890களிலேயே அதைச் செய்து பெயர் வாங்கியவர். ஸ்டூவர்ட் அந்த வழியில் வந்த இரண்டாம் தலைமுறை.

14 ஆட்டத்தில் 13 கோல் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். அந்தப் பருவத்தில் ஹவ்டன் அணி லீக் ஏதும் இல்லாமல் வந்தவர்களோடெல்லாம் மோதியது. எதிராளிகளில் பலர் அந்த அணிக்கு ஈடே இல்லாதவர்கள். வாண்டரர்ஸில், நிகரானவர்களுக்கு எதிராக ஆடியபோது, லீக் ஆட்டங்கள் எட்டில் அவர் அடித்தது மூன்றே கோல். அசிஸ்ட் (பிறர் கோல் அடிக்க உதவிய பாஸ்) அன்று கணக்கிலேயே எழுதப்படவில்லை என்பதால் மீதியை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

விலையை வைத்து ஆட்டக்காரரை அளக்கலாம் என்று பழந்தாள் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய லீக், புதிய பணம், ஊருக்கு ஊர் போட்டி: இந்தச் சூழலில் எந்த விலையும் ஊதிப்போகும்.

பழந்தாள்

விலை ஊதியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் ஊதவில்லை அல்லவா? அணியின் தலைமை, மேலாண்மை இரண்டையும் ஒரு தடுப்பாட்டக்காரரிடம் ஒப்படைத்த முதலாளி, கோல் எண்ணிக்கையைத் தாண்டி எதையோ பார்த்திருக்கிறார்.

1905 டிசம்பரில் நடந்ததையும் பாருங்கள். அவர் தொடர்ந்து பட்டங்களை வெல்கிறார், மிகவும் முரட்டுத்தனமாக ஆடுகிறார் என்று மேற்கு அணிகள் முறையிட, லீக் அவரை இடைநீக்கம் செய்தது. அந்த மாத இறுதியிலேயே தடை விலக்கப்பட்டு அவர் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆட வந்தார். ஓர் ஆள் மிக நன்றாக ஆடுகிறார் என்பதே அவர் மீது குற்றச்சாட்டாக வைக்கப்பட்டதை வேறு எந்தச் சான்றிதழோடு ஒப்பிடுவது?

ஸ்காபரோ வாசகன்

நான் எங்கள் வழக்கப்படி ஹொக்கி, மொன்றியல் என்றே எழுதுகிறேன். ஆட்டக்காரரின் பெயரை மட்டும் உங்கள் முறையிலேயே விடுகிறேன், இல்லாவிட்டால் இழையில் தேடுபவர்களுக்கு அகப்படாது.

முரட்டுத்தனம் என்ற சொல் வந்துவிட்டதால் 1906–07 குளிர்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட்டை விளங்கிக்கொள்ள அந்த ஒரு பருவமே போதும் என்று நினைக்கிறேன்.

அவர் அந்தப் பருவத்தைப் பிட்ஸ்பர்க்கில்தான் தொடங்கினார். லீகில் நடுவர்களின் தரமும் ஆட்டத்தின் வன்முறையும் அவருக்குப் பொறுக்கவில்லை. நடுவர் ஒருவரைப் பற்றிய தகராறுக்குப் பின் டிசம்பரில் அங்கிருந்து விலகினார். தம் மனக்குறையை மொன்றியல் ஸ்டார் நாளிதழுக்குக் கடிதமாகவும் எழுதினார். அதே நேரத்தில் கனடாவில் ஒரு கதவு திறந்திருந்தது. கிழக்குக் கனடா அமெச்சூர் ஹொக்கி சங்கம், தன் பெயரிலுள்ள அமெச்சூரை அப்படியே வைத்துக்கொண்டு, சம்பளக்காரரும் சம்பளமில்லாதவரும் ஒரே அணியில் ஆடலாம், யார் எந்த வகை என்பதைப் பத்திரிகையில் அறிவித்தால் போதும் என்று முடிவெடுத்தது. இந்தச் சமரசத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். வோண்டரர்ஸ் ஐந்து பேரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்தது: ரைலி ஹேர்ன், பட் கிளாஸ், ஜாக் மார்ஷல், மூஸ் ஜோன்சன், ஹாட் ஸ்டூவர்ட். டிசம்பர் கடைசியில் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ அணியை அவர்கள் 10–3, 7–2 என்று வென்றபோது, ஸ்டான்லி கோப்பைக்காக வெளிப்படையாகச் சம்பளம் வாங்கி ஆடிய முதல் ஆட்கள் ஆனார்கள்.

ஆக, அமெரிக்காவில் வன்முறை பொறுக்காமல் வந்தவருக்குக் கனடாவில் என்ன கிடைத்தது? ஜனவரி 12 அன்று மொன்றியலில் ஒட்டாவாவுடன் ஆட்டம். ஒட்டாவாவின் ஸ்பிட்டல், வோண்டரர்ஸின் பிளாச்ஃபோர்டின் தலையில் மட்டையால் அடித்தார். ஹாரி ஸ்மித், மூஸ் ஜோன்சனின் முகத்தில் அடித்தார். ஹாரியின் அண்ணன் அல்ஃப் ஸ்மித், ஸ்டூவர்ட்டின் தலையில் மட்டையை இறக்கினார். பொலிஸ் வழக்குப் போட்டது. ஸ்பிட்டலுக்கும் அல்ஃப் ஸ்மித்துக்கும் தலா 20 டொலர் தண்டம், ஹாரி விடுதலை. சில வாரங்களில், மார்ச் மாதத்தில், கோர்ன்வோலில் நடந்த வேறோர் ஆட்டத்தில் ஓவன் மக்கோர்ட் என்ற இளைஞர் மட்டையடி பட்டு இறந்தே போனார். ஆட்டக்களத்தின் முரட்டுத்தனம் அன்று பேச்சளவில் இருக்கவில்லை.

அந்தத் தலைக்காயத்துக்கு ஐந்து நாட்கள் கழித்து, ஜனவரி 17 அன்று, கெனோரா திஸில்ஸ் அணி கோப்பைக்குச் சவால் விட்டு மொன்றியலுக்கு வந்தது. டொமி பிலிப்ஸ், சை கிரிஃபிஸ், பிராண்டனிலிருந்து இரவலாக வந்த ஆர்ட் ரோஸ் ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள். 4–2, 8–6 என்று கெனோராவே வென்றது. அவ்வளவு சிறிய ஊர் ஒன்று ஸ்டான்லி கோப்பையை வென்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வோண்டரர்ஸ் அந்தப் பருவத்தில் லீகில் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் முடித்துவிட்டு, மார்ச்சில் வினிபெக் போய்க் கெனோராவை மறுபடி சந்தித்தது. கெனோரா இந்தமுறை யாரை இரவல் வாங்கி வந்தது தெரியுமா? ஒட்டாவாவின் வெஸ்ட்விக்கையும், ஜனவரியில் ஸ்டூவர்ட்டின் தலையில் அடித்த அதே அல்ஃப் ஸ்மித்தையும். வோண்டரர்ஸ் ஆட்சேபித்துப் பார்த்தது. கடைசியில் அவர்களை எதிர்த்தே ஆடி 7–2 என்று வென்று, அடுத்ததில் 5–6 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 12–8 என்று கோப்பையை மீட்டது. ஜனவரியில் இழந்ததும் இதே 12–8 கணக்கில்தான்.

கார்முகில்

மிக்க நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1905இல் அவரே முரடர் என்று மற்ற அணிகள் முறையிட்டன. 1906இல் அவரே வன்முறையைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? மாண்ட்ரியலில் நல்ல சம்பளம் காத்திருந்தபோது விலகுவதற்குக் கொள்கை ஒரு சாக்காக இருந்திருக்கலாமே?

பழந்தாள்

சாக்காகவும் இருந்திருக்கலாம், உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடாது. நான் ஒரு நூற்பாலையின் தொழிற்சங்கக் கணக்குகளைப் பல ஆண்டுகள் எழுதியவன். வேலையிடத்தில் பாதுகாப்பில்லை என்று சொல்பவரையும் கூலி அதிகம் கேட்பவரையும் இரண்டு வேறு மனிதர்களாகப் பிரித்துப் பார்ப்பது நிர்வாகத்துக்குத்தான் வசதி.

கனத்த உடலோடு மறித்து ஆடுபவரை எதிரணி முரடர் என்றே சொல்லும். மட்டையைத் தலைக்கு மேல் ஓங்குவது வேறு. அந்த வேறுபாட்டைப் பார்த்துத் தண்டிக்கும் நடுவர் இல்லாத லீகில் மிகவும் அடிபடுபவர் மிக நன்றாக ஆடுபவரே. ஆகவே தரமான நடுவர் வேண்டும் என்று ஸ்டூவர்ட் கேட்டதில் முரண் எதையும் நான் காணவில்லை. அவர் உண்மையாகவே சலித்திருந்தார் என்பதற்கு அதன் பின் செய்தது சான்று: கோப்பையை வென்ற கையோடு, விலை உச்சத்தில் இருந்தபோதே, ஆட்டத்தை விட்டுவிட்டுத் தந்தையின் கட்டடத் தொழிலுக்குத் திரும்பினார். பணம் ஒன்றே குறி என்றால் அடுத்த குளிர்காலம் வரை காத்திருந்திருப்பார்.

அவரைப் போன்றவர்கள் கனடாவுக்குத் திரும்பியதே அந்த முதல் லீகையும் முடித்தது. தாயகத்திலேயே சம்பளம் கிடைக்கத் தொடங்கியபின் மிச்சிகனுக்கு யார் போவார்கள்? 1907க்குப் பிறகு அந்த லீக் நடக்கவில்லை.

சதுரங்கன்

அவர் அடுத்த குளிர்காலத்தில் திரும்பியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பழந்தாள். மார்ச்சில் ஓய்வு அறிவித்து டிசம்பரில் சறுக்குக் காலணியை மாட்டியவர்கள் அன்றும் பலர்.

ஸ்காபரோ வாசகன்

அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒன்ராறியோவின் பெல்வில் நகரில் ஒரு கட்டட வேலையை மேற்பார்வையிடத் தந்தை அவரை அனுப்பியிருந்தார். ஜூன் 23 அன்று நண்பர்களோடு குயின்டே விரிகுடாவில் நீந்தப் போனார். கரையிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்த கலங்கரை விளக்கம் வரை தனியாக நீந்திப் போய், அதன் மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார். அந்த இடத்தில் ஆழமில்லை. கீழே கூரிய பாறைகள். தலையில் அடிபட்டுக் கழுத்து முறிந்து அங்கேயே இறந்தார். ஒட்டாவாவின் பீச்வூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தார்கள். வோண்டரர்ஸ் அணியும் லீகும் சேர்ந்து 1908 ஜனவரி 2 அன்று மொன்றியல் அரீனாவில் ஓர் ஆட்டம் வைத்தன: ஒரு பக்கம் வோண்டரர்ஸ், மறுபக்கம் மற்ற அணிகளிலிருந்து பொறுக்கியெடுத்த சிறந்த ஆட்டக்காரர்கள். வோண்டரர்ஸ் 10–7 என்று வென்றது. அரங்கத்தார் வாடகை வாங்கவில்லை. குடும்பத்துக்கு இரண்டாயிரம் டொலருக்கு மேல் சேர்ந்தது. ஹொக்கியில் ஓல்-ஸ்டார் ஆட்டம் என்பது அன்றுதான் முதன்முதலாக நடந்தது. 1934இல், எடி ஷோர் என்ற தடுப்பாட்டக்காரர் வீழ்த்தியதில் படுகாயமடைந்த ஏஸ் பெய்லிக்காக ரொறன்ரோவில் நடந்தது இதே வகை. என்.எச்.எல். (தேசிய ஹொக்கி லீக்) ஆண்டுதோறும் இதை நடத்தத் தொடங்கியது 1947இலிருந்துதான்.

இளவேனில்

கார்முகிலின் முதல் கேள்விக்கு இந்தத் தகவல் இரு பக்கமும் உதவும். மரணம் நிகழாமல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் இல்லை. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் 1945இல் தேர்வு செய்தவர்களின் நினைவில் அவர் பெயர் அவ்வளவு பசுமையாக இருந்திருக்குமா என்பது ஐயமே. தம்பி புரூஸ் அவரைவிட அதிகக் காலம் ஆடி, 1908இல் வாண்டரர்ஸோடும் 1909இல் ஒட்டாவாவோடும் கோப்பை வென்றும், புகழ்மண்டபத்துக்கு 1961 வரை காத்திருந்தார். இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியை ஆட்டத் திறமையால் மட்டும் விளக்க முடியாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விலை பற்றிப் பழந்தாளோடு நான் செய்த வாதம் வலுவற்றது. வாண்டரர்ஸ் நிர்வாகத்துக்கு 1904இல் ஹவ்டனில் தங்களை வதைத்தவர் யார் என்று நேரில் தெரியும். வாய்ப்பு வந்தவுடன் அவரையே வாங்கினார்கள். ரைலி ஹேர்னும் அந்த ஹவ்டன் அணியிலிருந்து வந்தவர்தான். தோற்றவர்கள் கொடுக்கும் விலையில் ஊதல் குறைவு.

கார்முகில்

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் ‘ஆட்டத்தால் வந்த பெயரா, மரணத்தால் வந்த பெயரா’ என்று கேட்டிருந்தேன். ஆட்டத்தால் வந்த பெயர் என்ற பக்கம் இப்போது சாய்கிறேன். ஆயினும் இளவேனில் சுட்டிய அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளிக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் தலைப்பை மாற்றாமல் விடுகிறேன். புரூஸ் ஸ்டூவர்ட்டுக்கு அடுத்த வாரம் தனி இழை தொடங்குகிறேன். ரோவர் என்ற இடம் எப்படி மறைந்தது என்பதையும் அங்கே சதுரங்கன் விளக்க வேண்டும்.